மேல் பிளக்

— நகருதா?

— நகர்ந்தா சொல்ல மாட்டேனா, பாப்பா? டார்ச்சை நேரா பிடி. என் மூக்குல அடிக்கிற.

— மூக்கு அவ்வளவு பெருசா இருந்தா நான் என்னண்ணா பண்றது?

— வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல... ம்ம்... ம்ஹூம். ஸ்பேனர் வழுக்குது. ஆயில் ஊத்தற பிளக்கோட மூலையெல்லாம் மழுங்கிப்போச்சு.

— மண்ணெண்ணெய் இன்னும் கொஞ்சம் விடட்டுமா?

— விடு. அஞ்சு நிமிஷம் ஊறட்டும்.

— அஞ்சு அஞ்சுன்னே மூணு மணி நேரம் போச்சு. பழைய கியர் ஆயிலோட முந்நூறு கிலோமீட்டர் தாங்காதுன்னு நேத்து நீதான சொன்ன? இந்த வண்டிச் சக்களத்தி இப்பப் பார்த்துத்தானா அடம் பிடிக்கணும்! உன் மாப்பிள்ளைக்கு என்னைவிட இவ மேலதான் பாசம்.

— பாசக்காரர் ஆஸ்பத்திரில படுத்து நாலு மாசம் ஆச்சு. தொடாம கிடந்த இரும்பு... துரு சும்மா விடுமா?

— ரெண்டு சட்டை எடுத்து வெச்சிருக்கேன். கூட்டிட்டு வரும்போது போட்டுக்கட்டும். அந்த நீலச் சட்டை இப்பத் தொளதொளன்னு இருக்குமோ?

— ...சுத்தியலை எடு.

— உன் போன் அடிக்குது.

— கையெல்லாம் கிரீஸ். அடிக்கட்டும்.

— நாலாவது தடவைண்ணா.

— எவனாவது வண்டிக்காரனா இருப்பான். சுத்தியலைக் குடுன்னா...

— இந்தா... ஆமா, அந்தச் சட்டில என்ன?

— பழைய ஆயில்.

— இந்த வண்டியோடதா?

— கீழ் பிளக் லேசா வந்துச்சு. இறக்கிட்டேன். நீ உள்ள பை கட்டிட்டிருந்தப்ப.

— மேல் பிளக்கைக் கழட்டாமலேயா?

— ஏதோ அவசரத்துல...

— வண்டி வாங்கின புதுசுல அவருக்கு நீதான சொல்லிக்குடுத்த? 'புதுசு ஊத்தற வழி திறக்குதான்னு பாக்காம பழசை இறக்கிடாதீங்க மாப்பிள்ளை, வண்டி நின்ன இடத்துலயே நின்னுடும்'னு. இருபத்தஞ்சு வருஷமா ஸ்பேனர் பிடிக்கிற ஆளு... மறந்துட்டியா?

— வயசாகுதில்ல...

— என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு எப்படிப் பாக்கறது?

— அண்ணா.

— ...வேணும்னுதான் இறக்கினேன். நீ கிளம்பக் கூடாதுன்னு.

— ம்.

— பாப்பா... காலைல ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து எனக்கு... நாம போக வேண்டாம்மா. அவங்களே வண்டி வெச்சு இங்க கொண்டாந்து... எப்படிச் சொல்றதுன்னு தெரியாம... டார்ச்சைக் கீழ வெச்சிடு.

— எனக்கு அஞ்சேமுக்காலுக்கே சொல்லிட்டாங்கண்ணா. நீ இந்தப் பிளக்கோட மல்லுக்கட்டிட்டிருக்கற வரைக்கும், நாம அவரைக் கூட்டிட்டு வரப் போறோம்னே இருந்துச்சு... நிறுத்தாதண்ணா. இன்னும் கொஞ்சம் திருகு.