சம்பந்தி வர்ற வண்டி

“…காத்துக்கிட்டு நிக்குதாம்! கேட்டியாம்மா? ‘எதிர் பிளாட்ஃபாரத்துக்கு வரும் வண்டிக்காக இந்த வண்டி காத்திருக்கிறது.’ என்னமோ ரெண்டும் கூடப்பொறந்த மாதிரி! ஒண்ணு வராம இன்னொண்ணு நகராதாம். அதையாவது கொஞ்சம் வருத்தப்பட்டுச் சொல்றாளா அந்த மைக்குக்காரி? கொஞ்சுறா. ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’யாம். என் பொறுமையை நான் எப்ப இவகிட்ட குடுத்தேன்? அவளா எடுத்துக்கிட்டா!”

பக்கத்து இருக்கையில் மடியில் லேப்டாப் பையோடு உட்கார்ந்திருந்த பெண், மரியாதைக்கு ஒரு காதிலிருந்து மட்டும் இயர்ஃபோனைக் கழற்றினாள். பேசிக்கொண்டிருந்த லாண்டரிக்காரம்மாவுக்கு அது போதும். ஒரு காது கிடைத்தால் அதற்குள் குடித்தனமே நடத்திவிடுவாள்.

பூமிக்கடியில் இருந்த அந்தச் சந்திப்பு ஸ்டேஷனில், பெரிய லைன் வண்டி எல்லாக் கதவையும் திறந்து போட்டுக்கொண்டு நின்றது. பிளாட்ஃபாரத்தின் மறுபக்கம்தான் கிளை லைன். அங்கே தண்டவாளம் காலியாகக் கிடந்தது. லாண்டரிக்காரம்மா மடியில் ஒரு பெரிய துணிப்பையைக் கட்டிப் பிடித்திருந்தாள். உள்ளே முழுக்கச் சின்னச் சின்னத் துணிகள். துவைத்து, இஸ்திரி போட்டு, ஓரம் பிசகாமல் மடித்தவை.

“நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன்னு பாக்கிறியா? என் பொண்ணு இன்னைக்குக் காலையில பெத்துட்டாம்மா! பொண்ணுதான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இன்னும் நாள் இருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, அதுக்குள்ள அவசரம் அந்தக் குட்டிக்கு. என் பேத்தியில்ல! ராத்திரியே வலி எடுத்திருக்கு. எனக்கு ஒரு போன்? கிடையாது. புருஷனும் பொண்டாட்டியுமா ஒரு பையைத் தூக்கிட்டுப் போயி, பெத்தும் முடிச்சிட்டு, அப்புறம் சாவகாசமா மாப்பிள்ளை பேசறாரு… ‘அத்தை, பாப்பா வந்தாச்சு.’ என்னமோ கடையில சொல்லி வெச்ச சாமான் வந்து இறங்கின மாதிரி! ஏன் மாப்பிள்ளை முன்னாடியே சொல்லலைன்னா, ‘நீங்க பதறுவீங்க அத்தை’ங்கறாரு. நான் பதறுவேனா? நான் பதறுற ஆளாம்மா? நீயே சொல்லு.”

பெண் கழற்றிய இயர்ஃபோனை விரலில் சுற்றினாள்.

“அதானே. சரி, அவருதான் சொல்லலை. இவளுக்கு என்ன? வயித்துல சுமந்தவ நான். ‘அம்மா’ன்னு ஒரு வார்த்தை… சரி விடு. வலியில இருந்திருப்பா. அதுக்கு மேல மாப்பிள்ளை ஒண்ணு சொன்னாரு பாரு, அதைக் கேளு. அந்த ஆஸ்பத்திரியில கூட இருக்கிறதுக்கு ஒருத்தருக்குத்தான் பாஸாம். ஒரே ஒருத்தர். இவரு ராத்திரி பூரா முழிச்சிருக்காரு, வீட்டுக்குப் போயித் தூங்கணும். பாஸை யார்கிட்ட குடுக்கணும்? பெத்தவகிட்டதானே? ‘அத்தை, எங்கம்மாவுக்கும் சொல்லியிருக்கேன். யாரு முதல்ல வர்றீங்களோ அவங்க இன்னைக்கு உள்ள இருந்துக்கங்க.’ எப்படி இருக்கு நியாயம்? தராசு முள்ளு மாதிரி நடுவுல நிக்கிறாரு. பொண்டாட்டியோட அம்மாகிட்டயும் திட்டு வாங்கக் கூடாது, தன்னோட அம்மாகிட்டயும் வாங்கக் கூடாது. அதுக்காக ஓட்டப்பந்தயம் வெச்சுட்டாரு! யாருக்கும் யாருக்கும்? எனக்கும் டிரில் டீச்சருக்கும்!”

மாப்பிள்ளையின் அம்மா, அதாவது சம்பந்தி, ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். நேரில் ‘சம்பந்தி’, முதுகுக்குப் பின்னால் ‘டிரில் டீச்சர்’. இது லாண்டரிக்காரம்மா வைத்த பெயர். வீட்டில் அவள் புருஷனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்பது அவள் நம்பிக்கை.

“அந்தம்மா நடக்கிறதை நீ பாக்கணும். கறிகாய் வாங்கப் போனாக்கூட ரெண்டு கையும் முன்னும் பின்னும் வீசும். விசில் ஒண்ணுதான் குறைச்சல். ஆஸ்பத்திரிக்கு ஸ்டேஷன்ல இருந்து ஒரே ஏத்தம். ரெண்டு பேரும் ஒண்ணா இறங்கினோம்னு வையி, நான் படியில கால் வெக்கிறதுக்குள்ள அவங்க பாஸை மாட்டிக்கிட்டு, பாப்பாவைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு, மூக்கு யாரு சாயல்னு முடிவே பண்ணியிருப்பாங்க! நடையில அவங்களை ஜெயிக்க முடியாதும்மா. வண்டியிலதான் முந்தணும்… அவங்க எங்க இருந்து வர்றாங்களா?”

லாண்டரிக்காரம்மா விரலை நீட்டி எதிர்ப் பக்கத்துக் காலித் தண்டவாளத்தைக் காட்டினாள். பெண்ணின் கண் அங்கே போய்த் திரும்பி வந்தது.

“புரிஞ்சுதா? புத்திசாலி. அந்தக் கிளை லைன்ல கடைசி ஸ்டேஷன். இப்பதான் ஏறியிருக்காங்களாம், மாப்பிள்ளை சொன்னாரு. அப்ப இந்த வண்டி யாருக்காக நிக்குது? என்னை உள்ள உக்கார வெச்சுக்கிட்டே அவங்களுக்காக நிக்குது! இது அடுக்குமா? நானே பிடிச்ச வண்டி, நானே டிக்கெட் எடுத்த வண்டி, எனக்கே துரோகம் பண்ணுது!

“முந்தின வண்டியில போயிருக்கலாமேங்கறியா? போயிருக்கலாம். எங்க வீட்டுக்காரர் விட்டாத்தானே! கடையில அவரைத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன். யாரு வந்து கேட்டாலும் கைக்கு அகப்பட்டதைக் குடுத்துடுவாரு. ஒரு தடவை வக்கீல் ஒருத்தரோட கருப்புக் கோட்டை எடுத்து ஹோட்டல் சர்வர்கிட்ட குடுத்துட்டாரு. அந்த ஆளு அதைப் போட்டுக்கிட்டே காபி பரிமாறியிருக்கான். யாருக்கு? அதே வக்கீலுக்கு! இதெல்லாம் எடுத்துச் சொல்லி, இது இன்னாருது, அது இன்னாருதுன்னு காட்டிட்டு ஓடி வர்றேன், முந்தின வண்டி கதவைச் சாத்திட்டுப் போகுது. அது நின்னுச்சா எனக்காக? நிக்கலையே!

“அது என்ன, உன் சட்டைக் கையில? மையா? சோப்பு போட்டுத் தேய்ச்சியா? தேய்ச்சிருப்ப. முகத்தைப் பாத்தாலே தெரியுது. தேய்க்கக் கூடாதும்மா, தேய்ச்சா பரவும். ஸ்பிரிட்ல பஞ்சை நனைச்சு ஒத்தணும். ஒத்தி ஒத்தி எடுக்கணும். கறைங்கறது மனுஷங்க மாதிரி, மல்லுக்கு நின்னா பிடிவாதம் பண்ணும்… என்னது? டாக்சியா? மேல தலையை நீட்டிப் பாத்தியா நீ? ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கான். எதுக்குங்கற? இன்னொரு ரயில் விடறதுக்கு! அது எந்தெந்த வண்டிக்காக நிக்கப் போகுதோ!”

பிளாட்ஃபாரத்தில் சீருடைக்காரன் ஒருவன் போனான். லாண்டரிக்காரம்மா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

“தம்பி! ஏம்ப்பா தம்பி! எப்ப எடுப்பீங்க?… பாத்தியா, ரெண்டு விரலைக் காட்டிட்டுப் போறான். ரெண்டு நிமிஷமா, ரெண்டு மணி நேரமா, ரெண்டு நாளா? விரலைக் காட்டினா முடிஞ்சுதா? காலர் மடிப்பையும் பாரு, இஸ்திரியா அது? தலைகாணிக்கு அடியில வெச்சுப் படுத்திருக்கான்.”

சும்மா இருப்பது நன்றாக இராது என்று நினைத்தோ என்னவோ, அந்தப் பெண் மெல்ல ஏதோ கேட்டாள். லாண்டரிக்காரம்மாவின் கை பையின் ஜிப்பைத் தேடியது. இழுத்தாள், மூடினாள், மறுபடி இழுத்தாள்.

“யாரு இந்த ஏற்பாட்டைப் பண்ணினதுன்னா கேட்ட? அது… பொதுஜனம் கேட்டு வந்ததும்மா. பொதுஜனம்னா… அந்தக் கிளை லைன்ல ஒரு பொம்பளை குடியிருந்தா. கடை இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். பாவம், தினம் காலையில அந்த வண்டியில வந்து இங்க இறங்குவா. இறங்கி ஓரடி எடுத்து வெப்பா. சரியா அப்ப, எதிர்ல இந்தப் பெரிய வண்டி மூக்குக்கு நேரா கதவைச் சாத்தும். தினம்! ஒரு நாள் முந்தானை கூட மாட்டிக்கிச்சு. உள்ள உக்காந்திருக்கிறவங்க கண்ணாடி வழியா வேடிக்கை பாப்பாங்க. ஒருத்தனாவது ஐயோ பாவம்னானா? சும்மா விடுவேனா நான்?…

“ஆமா. நான்தான். அப்படிப் பாக்காத.

“தினம் போனேம்மா ஸ்டேஷன் அதிகாரி ரூமுக்கு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. முதல்ல ‘உக்காருங்கம்மா’ன்னாரு. அப்புறம் உக்காரச் சொல்றதை நிறுத்திட்டாரு, நானே உக்காந்துக்கிட்டேன். அதுக்கப்புறம் நான் போறப்ப ஆளே இருக்கிறதில்லை, மேசை மேல தொப்பி மட்டும் இருக்கும். விட்டேனா? தொப்பிகிட்ட சொல்லிட்டு வந்தேன்! எங்க ஒளிஞ்சிருந்தாலும் காதுல விழட்டும்னு சத்தமா சொல்லிட்டு வந்தேன். கடைசியில மேலிடத்துல பேசி அவரே வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. ‘அம்மா, இனிமே ரெண்டு திசையிலயும் பெரிய வண்டி உங்க வண்டிக்காக நிக்கும். நீங்க மட்டும் என் ரூமுக்கு வராதீங்க.’

“முதல் நாள் இந்த வண்டி நின்னுச்சு பாரு… கதவெல்லாம் திறந்து வெச்சுக்கிட்டு! ராணி மாதிரி ஏறினேன். உள்ள இருந்தவங்க எல்லாரும் என்னை முறைக்கிறாங்க. இவங்களுக்கு என்ன இவ்வளவு வயித்தெரிச்சல், கொஞ்சம் நின்னா குடியா முழுகிடும்னு கேட்டேன். மனசுக்குள்ள இல்லை, வாய் விட்டே கேட்டேன்… அந்த முறைப்புக்கு இன்னைக்குத்தான் அர்த்தம் புரியுது.

“அதோட போச்சா? கேளு, இன்னும் இருக்கு. கடைக்கு மேலேயே ஒரு வீடு காலியாச்சு, நாங்க இந்தப் பக்கம் வந்துட்டோம். நாங்க விட்டு வந்த வீட்டுக்கு ஆள் தேடிக்கிட்டிருந்தாங்க. சம்பந்தியும் வீடு தேடிக்கிட்டிருந்தாங்க. ‘ரொம்பக் கடைசியா இருக்கே’ன்னு தயங்கினாங்க அந்தம்மா. அப்படியே விட்டிருக்கலாம்ல? விட மாட்டேனே! ‘யோசிக்கவே வேண்டாம் சம்பந்தி, நீங்க ஆடி அசைஞ்சு வாங்க, பெரிய வண்டி உங்களுக்காக நிக்கும். நான் பேசி வெச்சிருக்கேன்’னேன். பெருமை! என் வாய் இருக்கே, என் வாய்… அதை இஸ்திரிப் பெட்டியால தேய்க்கணும்!”

சுரங்கக் குகைக்குள்ளிருந்து காற்று வந்தது. பின்னாலேயே வெளிச்சம். கிளை வண்டி எதிர்ப் பக்கம் வந்து நின்று கதவுகளைத் திறந்ததும், கூட்டம் இந்தப் பக்கம் பாய்ந்தது. லாண்டரிக்காரம்மா பையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

“வேற பெட்டியில ஏறட்டும்… இத்தனை பெட்டி இருக்கு… நீ பாத்துச் சொல்லு. ஒல்லியா, உசரமா, நரைச்ச கட்டைமுடி. கை வீசறாங்களா? வீசறாங்களா! ஐயையோ. பாக்காத, பாக்காத! நீ பாத்தா அவங்களும் இங்க பாப்பாங்க. எந்தப் பக்கம் வர்றாங்க?… ஏம்மா, ஏன் எந்திரிக்கிற? உக்காரு! உன் ஸ்டேஷன் வரலைல்ல? அடியே, சீட்டைக் காலி பண்ணாத…”

அந்தப் பெண் யாருக்கோ இடத்தைக் காட்டிவிட்டு, கழற்றிய இயர்ஃபோனை மறுபடி காதில் அழுத்திச் செருகிக்கொண்டு, அடுத்த பெட்டிப் பக்கம் நழுவிவிட்டாள். காலியான இடத்தில் யாரோ தொப்பென்று உட்கார்ந்தார்கள். கதவுகள் மூடின. வண்டி நகர்ந்தது.

பைக்கு மேலே முதலில் லாண்டரிக்காரம்மாவின் நெற்றி வந்தது. அப்புறம் கண். பக்கத்தில் சம்பந்தி, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிளை வண்டியில் நின்றுகொண்டே வந்திருப்பாள் போல. முழங்காலை ஒரு கை தடவிக்கொண்டிருந்தது. டிரில் டீச்சருக்கு மூச்சு வாங்கி லாண்டரிக்காரம்மா பார்த்ததே இல்லை.

இனி ஒளிவதற்கில்லை. பையை மடியில் இறக்கினாள்.

“வாங்க சம்பந்தி, வாங்க வாங்க! என்ன இவ்வளவு நேரம் பண்ணிட்டீங்க? உங்களுக்காகத்தான் வண்டியையே நிறுத்தி வெச்சிருக்கேன்!”

சம்பந்தி அவளைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். திறந்த ஜிப் வழியாக ஒரு குட்டிச் சட்டையின் கை வெளியே எட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு விரலால் உள்ளே தள்ளினாள். எப்போதும் போல அளந்துதான் பேசினாள்.

“பாஸை நீங்களே வாங்கிக்கங்க.”

“அது எப்படி… யாரு முதல்ல…”

“உங்க பொண்ணு பிரசவ அறைக்குள்ள போற வரைக்கும் ‘அம்மாகிட்ட சொல்லாதீங்க, பதறிடுவாங்க’ன்னாளாம். வெளிய வந்ததும் ‘அம்மா எங்க, அம்மா எங்க’ன்னு ஒரே அழுகையாம். பையன் இப்பதான் சொன்னான். நான் பாப்பாவைக் கண்ணாடி வழியா பாத்துக்கிறேன். நாளைக்கு வந்து மாத்தி விடறேன்.”

லாண்டரிக்காரம்மா ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். துணி மாட்டிக்கொண்டு அது நகரவில்லை.

“என்னையா கேட்டா?” என்றாள் கடைசியில், மெதுவாக.

“வேற யாரை?”

மாட்டிய துணியை லாண்டரிக்காரம்மா ஒவ்வொரு இழையாக விடுவித்தாள். வண்டிச் சத்தம் குறைந்தது. வண்டி மெதுவாகி, முனகி, இருட்டுக் குகைக்கு நடுவில் அசையாமல் நின்றது. மேலே கொஞ்சும் குரல், முன்னால் இன்னொரு வண்டி நிற்பதாகச் சொல்லி, பொறுமைக்கு நன்றி தெரிவித்தது. பெட்டி முழுக்கப் பெருமூச்சு.

சம்பந்தி தலையைத் திருப்பாமல், முழங்காலைத் தடவியபடியே கேட்டாள்:

“இது யாருக்காக நிறுத்தினீங்க, சம்பந்தி?”