வெள்ளம் சூழ்ந்த நாளில் சாக்லேட் பாடம்

மூன்றாம் வகுப்பின் முதற்குரலே! பிஞ்சு நெஞ்சங்களின் பேரரணே! முப்பத்திரண்டு ஆண்டுப் பணியை முடித்து விடைபெறும் எங்கள் அன்பு அக்கா!

சாக்லேட்டைக் கொண்டே ஒரு பருவம் முழுதும் பாடம் நடத்தலாம் என்று தாங்கள் சொன்னபோது, "பிள்ளைங்க பல்லும் போச்சு, படிப்பும் போச்சு" என்று சிரித்தவர்கள் நாங்கள். வகுப்பின் மூன்று பிரிவுகளையும் ஒன்றாக்கி, கோகோ விளையும் நிலங்களை வரைபடத்தில் தேடவைத்தும், சாக்லேட் பாளங்களை உடைத்துப் பின்னம் பயிற்றியும், உருகுவதும் உறைவதும் காட்டியும், மேலுறை வரைய ஒரு குழு, விளம்பரம் எழுத ஒரு குழு என வகுத்தும் தாங்கள் நடத்திய அழகைக் கண்டு வியந்தோம்!

ஆயினும் எங்கள் நெஞ்சில் நிற்பது அந்த அழகன்று. அதே பருவத்தில் ஆறு கரையுடைத்த பிற்பகலின் அச்சமே.

வாயிற்கதவைப் பெயர்த்து வந்த வெள்ளம் கீழ்த்தளத்தை விழுங்கியது. பிள்ளைகளை எல்லாம் மாடி அறைக்கு ஏற்றினோம். மின்சாரம் நின்றது, தொலைபேசி ஊமையானது, படிகள் ஒவ்வொன்றாய் நீரில் மறைந்தன. பசியிலும் பயத்திலும் பிள்ளைகள் அழுதபோது, கையிலிருந்தவை பாடத்துக்கென வாங்கிய சில பாளங்களே!

"டீச்சர், தண்ணி இங்கயும் வருமா?" என்றாள் நாம் கீச்சுக்குரலி என்றழைக்கும் சிறுமி.

"வரலாம், கண்ணு. வந்தா மொட்டைமாடிக்குப் போவோம். அதுக்குள்ள இதைப் பங்கு போடணும், யாருக்கும் குறையக்கூடாது. எப்படிப் போடுவீங்க?" என்றீர்கள்.

பொய் கலவாத அந்தப் பதிலே பிள்ளைகளின் அழுகையை நிறுத்தியது! குழுக்குழுவாய் அமர்ந்து எண்ணினார்கள், வாதாடினார்கள். ஆளுக்கு அரைக்கட்டம்கூட வராது என்று கண்டவர்களும் அவர்களே. "ஒண்ணாம் வகுப்புப் பாப்பாங்களுக்கு முதல்ல குடுங்க" என்றவர்களும் அவர்களே!

"இன்னும் ரெண்டு படிதான் பாக்கி, டீச்சர்" என்று தலைமையாசிரியர் தங்கள் காதோடு சொன்னார். தங்கள் முகம் மாறவில்லை. மொட்டைமாடிச் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டதைப் பின்னால் நின்ற நாங்கள் மட்டுமே கண்டோம்.

அந்தி சாயப் படகுகள் வந்தன. ஒரு பிள்ளையும் குறையாமல் ஏற்றிவிட்டுக் கடைசியாய் ஏறிய தாங்கள், கரையில் இறங்கியதும் முகம் பொத்தி அழுதீர்கள். "எனக்கு உசுரே போயிடுச்சு. தைரியம் கிரியம்னு யாரும் பேசாதீங்க" என்றீர்கள். இத்தனை நாள் பேசாதிருந்தோம். இன்று பேசிவிட்டோம், பொறுத்தருள்க!

வானம் கறுத்தால் எங்கள் கண்கள் தங்கள் வகுப்பறையைத்தான் தேடும். அடுத்த மழைக்கு அங்கே தாங்கள் இருக்கமாட்டீர்கள். அச்சமாகத்தான் இருக்கிறது, அக்கா.

நோய்நொடி அண்டாது, நிறைந்த உறக்கமும் நீண்ட ஆயுளும் பெற்று வாழ்க! மழை வலுக்கும் நாளில் மட்டும் தொலைபேசியை அருகிலேயே வைத்திருங்கள். அழைப்பது நாங்களாகத்தான் இருக்கும்.

இங்ஙனம்,
தங்களோடு அன்று மாடியறையில் நின்ற
ஆசிரியர்களும் அலுவலர்களும்