இரண்டு தகடுகளுக்கு நடுவே

டீ வேண்டாம் சார், வெறும் வயிற்றில் குடித்தால் எனக்கு நெஞ்சு எரியும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் வெங்கடாசலம். திண்டிவனத்தில் டிங்கரிங் கடை வைத்திருக்கிறேன். வண்டி பாடி வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

முதலில் ஒன்று உங்களுக்குப் புரிய வேண்டும். ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை வைத்து வெல்டிங் செய்துவிட்டால் நடுவிலுள்ள இடத்துக்கு அப்புறம் எந்தப் பெயிண்டும் போகாது. தண்ணீர் மட்டும் போகும். அதனால் ஒட்டுவதற்கு முன்பே இரண்டு முகத்திலும் துத்தநாகம் கலந்த பிரைமர் அடிக்க வேண்டும். சாதாரணப் பெயிண்ட் மேல் வெல்டிங் பிடிக்காது, இதன் மேல் பிடிக்கும். பலர் அடிப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

காணையில் சீனுவாசன் என்றொரு விவசாயி. உர மூட்டை ஏற்றுகிற பழைய வேன் அவருடையது. போன பௌர்ணமிக்கு அதில்தான் மனைவி பாஞ்சாலியோடு திருவக்கரை போனார். மயிலம் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதும் தரைத்தகடு பிய்ந்து, நடுசீட்டு அந்த அம்மாவோடு ரோட்டில் விழுந்தது. பின்சக்கரம் ஏறிவிட்டது. முகத்தை மூடித்தான் அடக்கம் செய்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் வண்டியை விட்டதும் சீனுவாசன் அதை என் கடைக்கு இழுத்து வந்தார். ரிப்பேருக்கு இல்லை. ஏன் உடைந்தது என்று பார்த்துச் சொன்னால் போதும் என்றார். தரைத்தகட்டின் ஒட்டை வெட்டித் திறந்தேன். செங்கல் தூள் மாதிரி துரு கொட்டியது. பிரைமர் அடித்த அடையாளமே இல்லை. நாலு வருஷத்துக்கு முன்பு விழுப்புரத்தில் மணிமாறன் ஷெட்டில் செய்த வேலை அது. மணிமாறன் என் தங்கை கிருஷ்ணவேணியின் கணவன். கடை வைப்பதற்கு முன் நானும் அங்கேதான் இருந்தேன். இதைச் செய்தவன் கையை உடைக்க வேண்டும் என்று சீனுவாசனிடம் சொன்னேன். அவர் அழவில்லை. காலையில் போய் மணிமாறனை நேரில் கேட்கிறேன் என்றார்.

அன்று மத்தியானமே நான் விழுப்புரம் பஸ் ஏறினேன்.

மணிமாறன் ஒரு கார் கதவுக்குத் தகடு அளந்துகொண்டிருந்தான். வாங்க மச்சான் என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டான். நடந்ததைச் சொன்னேன். ஓர் உயிர் போயிருக்கிறது, கையில் இருந்த டேப்பைக்கூட அவன் கீழே வைக்கவில்லை. அதனால்தான் அடித்தேன் சார். காதுக்கு மேலே, இரண்டு கிலோ சுத்தியலால். விழுந்த பிறகும் ஐந்தாறு அடி அடித்திருப்பேன். மண்டை இளகினதும் சத்தம் மாறிவிட்டது.

பிறகு ஷட்டரை இறக்கினேன். கதவு வேலை பாதியில் நின்றிருந்தது. தகட்டில் தெறித்த ரத்தத்தைத் தின்னரால் துடைத்து, இரண்டு முகத்திலும் பிரைமர் அடித்து, காயவைத்து ஒட்டினேன். நீங்களே பார்த்திருப்பீர்கள், நல்ல ஒட்டு.

ராத்திரிச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்த கிருஷ்ணவேணி ஷட்டரைத் தட்டினாள், தூக்கிவிட்டேன். கத்தவில்லை. கேரியரைக் கீழே வைத்துவிட்டு, "ஏண்ணா?" என்றாள்.

"ஒரு பொம்பள உயிர எடுத்துட்டான்மா. பிரைமர் அடிக்காம வேல செஞ்சிருக்கான்" என்றேன்.

மணிமாறன் ஏதோ சொன்னதைப் பக்கத்து பஞ்சர் கடைக்காரர் கேட்டாராமே என்கிறீர்கள். சொன்னான். முதல் அடிக்கு அப்புறம், காதைப் பொத்திக்கொண்டு.

"அந்தத் தரைய நீங்கதானே ஒட்டுனீங்க மச்சான். பிரைமர் தீந்துடுச்சி, வாங்கிக்கினு வர்றேன்னு சொன்னேன். ஜல்தியா முடிக்கணும், வுடுன்னு நீங்கதானே சொன்னீங்க."

உண்மைதான். சீனுவாசன் காலையில் வந்திருந்தால் அவரிடமும் இதையேதான் சொல்லியிருப்பான். அதற்காகத்தான் பஸ் ஏறினேன்.

கிருஷ்ணவேணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம் சார். அண்ணன் வேலையில் சுத்தம் என்று சின்ன வயசிலிருந்து எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்.