கீழே வைத்த கிண்ணம்

– 'இதைப் படிச்சு முடிச்சுட்டு என்ன பண்ணுவே, நாடு நாடா போய் நடனம் ஆடுவியா?'ன்னு அப்பா அன்னிக்குக் கேட்டாரே, அதே முகத்தோடதான் இப்பவும் கூடத்துல உக்காந்திருக்காரு. பாரும்மா.

– திரையை இழுக்காதே ஷதா, வந்தவங்க கண்ணுல படும். நீ மட்டும் ஒழுங்கா பதில் சொன்னியா? 'பண்பாட்டுத் தூது, நாடுகளுக்கு நடுவுல நட்பு'ன்னு என்னமோ உளறினே. எனக்கே புரியல.

– துனிசியாவுல ஒரு பருவம் படிச்சாத்தான் முதுகலைப் பட்டம். இது புரிஞ்சா போதும். அப்பா முடியாதுன்னுட்டாரு. அதான் எங்க பேராசிரியரே ஆள் திரட்டிட்டு வந்து உக்காந்திருக்காரு.

– உங்க பெரியப்பா முன்னாடி 'என் மகளை வெளிநாடு அனுப்ப மாட்டேன்'னு சத்தமா சொல்லிட்டாரே. இனிமே எப்படி இறங்கி வருவாரு? பெரியப்பாவும் பக்கத்துலயே உக்காந்திருக்காரு.

– அதுக்குத்தான் இத்தனை பேரு.

– பொண்ணு கேக்கத்தான் இப்படிக் கூட்டமா வருவாங்க. பக்கத்து வீட்டு உம் ஸக்ர் இப்பவே கேட்டுட்டா, 'மாப்பிள்ளை யாரு, அந்த நரைச்ச தாடியா?'ன்னு.

– ஐயோ, அவருதான் பேராசிரியர் முன்திர்!

– நான் ஆமான்னுட்டேன்.

– அம்மா!

– சும்மா சொன்னேன்டி என் கண்ணே. மஅமூல் பலகாரத்தைத் தட்டுல அடுக்கு.

– பேராசிரியர் காபிக் கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டாரு. தொடவே இல்ல.

– அப்படித்தான் வைக்கணும். கேக்க வந்தது கிடைக்கற வரைக்கும் யாரும் வாயில வைக்கக் கூடாது. உங்க அப்பா 'உங்க காபியைக் குடிங்க'ன்னு சொன்னா, சம்மதம்னு அர்த்தம். என்னைக் கேக்க வந்தவங்களை எங்க அப்பா அந்தச் சொல்லைச் சொல்லாமயே வேக வெச்சாரு. கேக்க வந்த உங்க அப்பாவோட அப்பா முகம் அப்படியே செவந்து போச்சு.

– பேசறாரும்மா. 'உங்க மகளை எங்களோட அனுப்புங்க, என் மக மாதிரி பாத்துக்கறேன்'ங்கறாரு. அப்பா தரையையே பாக்கறாரு. மத்தவங்களும் கிண்ணத்தை… ஐயையோ!

– என்னடி?

– ஸுஹைர் குடிச்சுட்டாரு!

– யாரு, அந்த துனிசியாக்காரனா?

– ஆமா, எங்க கூடப் படிக்கறவரு. அங்க அவரு வீட்டுலதானே தங்கப் போறேன், அவரு பொண்டாட்டி பிள்ளைங்களோட. ஒரே மடக்கும்மா! கிண்ணத்தை வேற நீட்டறாரு. அப்பா மறுபடி ஊத்தறாரு.

– போதும்னா கிண்ணத்தை ஆட்டிக் காட்டணுமே.

– அவருக்கு எங்க தெரியும்? அதையும் குடிச்சுட்டாரு. பேராசிரியர் கண்ணை மூடிக்கிட்டாரு.

– யா அல்லாஹ், இவன்தான் பண்பாடு படிக்கறவனா!

– போன வாரம் 'விருந்தாளியின் நடத்தை'ன்னு வகுப்புல பேசினதே இவருதான். எல்லாரும் கை தட்டினோம்.

– சிரிப்பு மூட்டாதே, வெளிய கேட்டுடும்.

– எனக்கு அழுகை வருது. 'உங்களுக்கு என் காபிதான் வேணும் போலிருக்கு'ன்னு சொல்லிட்டு அப்பா எழுந்துட்டா அவ்வளவுதான். என் படிப்பே போச்சு.

– பொறு. இன்னும் ஊத்தறாரா?

– ஊத்தறாரு. ஸுஹைருக்கு இருமலே வந்துடுச்சு, பாவம். இப்பத்தான் சுத்திப் பாக்கறாரு, வேற யாரும் குடிக்கலேன்னு. கிண்ணத்தைக் கீழ வைக்கப் போறாரு.

– வைக்கட்டும், இப்பவாவது.

– அப்பா அவரு கையைப் பிடிச்சு என்னமோ சொல்றாரு. 'கூச்சப்படாதீங்க தம்பி. உங்க காபியைக் குடிங்க.'

– என்ன சொன்னாரு? திரும்பச் சொல்லு.

– 'உங்க காபியைக் குடி…' அம்மா!

– கத்தாதே. அங்க பாரு.

– பேராசிரியர் லபக்குன்னு கிண்ணத்தை எடுத்துட்டாரு! 'அல்லாஹ் உங்க வீட்டை நிறைக்கட்டும் அபூ நிதால், கொடுத்த வாக்குக்கு நன்றி'ன்னு அப்பாகிட்ட சொல்றாரு. எல்லாரும் குடிக்கறாங்க!

– பெரியப்பா?

– அவரும்தான். வேற என்ன பண்ணுவாரு? சபையில விழுந்த சொல்லாச்சே. அப்பா காலிப் பாத்திரத்தோட எழுந்துட்டாரு… ஐயோ, இங்கதான் வராரு. தள்ளு தள்ளு!

– வாங்க. காபி தீந்துடுச்சா? இந்தாங்க, அடுத்த பாத்திரம் சூடா இருக்கு.

– அப்பா, கோபமா? அவரு நான் சொல்லிக் குடுத்துச் செய்யலப்பா, சத்தியமா. அவருக்கு நிஜமாவே நம்ம வழக்கம் தெரியாது. உங்களுக்கு மனசு இல்லேன்னா, அந்த வாக்கு செல்லாதுன்னு நானே போய் பேராசிரியர்கிட்ட சொல்லிடறேன். நான் போகலப்பா.

– துணியால பிடிங்க, சுடும்.

– போயிட்டாரும்மா. பாத்திரத்தை வாங்கிட்டு மறுபடி ஊத்தப் போறாரு. வாய் தவறி வந்த ஒரு சொல்லால அவரை இப்படிக் கட்டிப் போட்டுட்டோமே.

– போடி பைத்தியமே. நம்ம ஸல்த் ஊர்ல பாதிக் கல்யாணத்துக்குப் பொண்ணு கேக்கப் போய்க் கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டு உக்காந்த மனுஷன் அவரு. அந்தச் சொல்லு அவரு வாயில தவறி வருமா?