பின்னுக்குப் போன செஸ்

பொன்னம்பலம்: கொம்பியூட்டரில என்ர செஸ் எங்க பிள்ளை? இஞ்சதானே கிடந்தது...

சாருஜா: பின்னுக்குப் போயிட்டுதப்பா. நீங்கள் அதைத் தொடுறேல்லை.

பொன்னம்பலம்: ஆர் சொன்னது?

சாருஜா: என்ர புரோகிராம். உங்களைக் கேட்டுத்தானே போட்டனான்... ஒபிசில புது ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு எழுதுறம் எண்டு. ஸ்கிரீனில கிடக்கிற ஐகன்களில எதை எவ்வளவு பாவிக்கிறீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருக்கும். பாவிக்கிறது முன்னுக்கு வரும், பாவிக்காதது...

பொன்னம்பலம்: சொந்தத் தேப்பனையே உளவு பாக்கிறாய்.

சாருஜா: நீங்கள் என்ன எழுதுறீங்கள் எண்டெல்லாம் பாக்காது... அப்பா, முன்னுக்கு வந்து நிக்கிறது என்னெண்டு கண்டனீங்களே?

பொன்னம்பலம்: என்னவோ...

சாருஜா: பூதக்கண்ணாடி. எழுத்தைப் பெரிசாக்கிறது. எதைத் திறக்க முதலும் அதைத்தான் திறக்கிறீங்கள்.

பொன்னம்பலம்: கை பட்டிருக்கும்.

சாருஜா: ஒவ்வொரு முறையுமோ?

பொன்னம்பலம்: அப்ப உன்ர புரோகிராமில பிழை. திருப்பிப் பார்.

சாருஜா: பாத்தனான்... அப்பா, எந்தக் கண்?

பொன்னம்பலம்: ...வலது. புகை படிஞ்ச மாதிரிக் கிடக்கு.

சாருஜா: எப்ப தொடக்கம்?

பொன்னம்பலம்: பொங்கலுக்கு முன்னமே...

சாருஜா: அதோடயே கொழும்பு காலி வீதி நெரிசலுக்குள்ள காரோடித் திரிஞ்சனீங்கள்? அம்மாவையும் ஏத்திக்கொண்டு?

பொன்னம்பலம்: மெல்லக் கதை. அம்மா குசினியில சமைச்சுக்கொண்டு நிக்கிறா.

சாருஜா: ஏனப்பா சொல்லேல்லை?

பொன்னம்பலம்: சொன்னா நீ மெல்பேண் வேலைக்குப் போகமாட்டாய். நீ பிளேன் ஏறினாப் பிறகு டொக்டரிட்டக் காட்டுவம் எண்டு இருந்தனான்.

சாருஜா: நாளைக்குக் காலமை கண் டொக்டரிட்டப் போறம். பதிஞ்சிட்டன். கார்த் திறப்பும் என்னட்டத்தான்.

பொன்னம்பலம்: சரி, வாறன்... நீ போறதை மட்டும் நிப்பாட்டாதை.

சாருஜா: அப்பா... அந்த வேலை வேண்டாமெண்டு போன மாசமே அறிவிச்சிட்டன்.

பொன்னம்பலம்: என்ர கண்ணுக்காகவோ?

சாருஜா: இல்லை... அப்ப இது தெரியாது. அது வேற... கல்கிசையில ஒராள்... எப்பிடிச் சொல்லுறதெண்டு...

பொன்னம்பலம்: அந்த உயர்ந்த பெடியன்தானே? வெள்ளவத்தைக் கடற்கரையில ரெண்டு பேரும் நடந்து போகேக்க கண்டனாங்கள், நானும் அம்மாவும். நீயாச் சொல்லட்டும் எண்டுதான் பேசாமல் இருந்தம்... சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச்சொல்லு, பிள்ளை.