மறுபடியும் சைப்ரஸ்

காக்ஸ் டவுனிலிருந்து சிவாஜிநகர் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் தலை நரைத்த ஓர் அம்மாளும் அவருடைய தம்பியும் இருந்தார்கள்.

"மே மாசம் சைப்ரஸ் தீவுக்குப் போறேன். பாஸ்போர்ட் வந்துடுச்சு," என்றார் அக்கா.

"உலக யுத்தத்துல நீ அங்க நர்ஸா இருந்து பதினஞ்சு வருஷமாச்சுக்கா. இப்ப உன்னை யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

"யாருக்கும் இருக்க வேணாம். எனக்கு இருக்கு. டூட்டி முடிஞ்சதும் தினமும் கடல்ல நீந்துவேன்."

"பொம்பள தனியா போனா சர்ச்சுல என்ன பேசுவாங்க?"

"குண்டு விழற காலத்துல தனியாத்தானே போனேன்? அப்ப அதே சர்ச்சுல எனக்கு மாலை போட்டாங்க!"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் நின்றதும் அக்கா எழுந்தார்.

"நீ ஆபீஸுக்குப் போடா. நான் டெய்லர்கிட்ட நீச்சல் டிரெஸ்ஸுக்கு அளவு குடுக்கணும்," என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கினார்.