மேல்வீட்டுச் சத்தம்

— வீட்டை ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க, மிர்த்தா அம்மா. அதான் எனக்கு இடிக்குது.

— சுத்தமா இருந்தா தப்பா சார்?

— தப்புன்னு சொல்லலை. நகராட்சிக் காவலர் வேலையில இந்த மாதிரி எத்தனையோ வீடு பார்த்துட்டேன். அர்ஜென்டினாவிலேர்ந்து வருவாங்க, 'எங்க தாத்தா இந்த ஊர்க்காரர், எனக்கும் இத்தாலியக் குடியுரிமை குடுங்க'ம்பாங்க. வாசல்ல பேர் இருக்கும், ஆள் வேற ஊர்ல இருப்பாங்க. நிஜமா இங்க குடியிருக்காங்களான்னு பார்க்கத்தானே என்னை அனுப்புறாங்க.

— நான் இங்கதான் சார் இருக்கேன். நீங்க எப்ப வருவீங்களோன்னு ரொட்டிக் கடைக்குக்கூட ஓட்டமாப் போய் ஓட்டமா வரேன்.

— அப்போ அடுப்பு ஏன் கடையில வாங்கின மாதிரியே இருக்கு?

— தேய்ச்சு வெச்சேன் சார்.

— பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லையே?

— பிரிச்சு அடுக்கினப்புறம் நீங்க போகச் சொல்லிட்டா... அந்த பயம்தான்.

— மனுஷ வாடையே இல்லையேம்மா இங்க. சட்டம்னு ஒண்ணு இருக்கு. 'குடியிருக்கவில்லை'ன்னு நான் எழுதினா மனு தள்ளுபடி. நாட்டை விட்டே போகவேண்டி வரும்.

— அங்க வீட்டை வித்துட்டு வந்திருக்கேன் சார். திரும்பிப் போய் நான் எந்தக் கதவைத் தட்டுவேன்?

— இருங்க. யாரது, கதவை இந்த இடி இடிக்கிறது?

— நான்தான்டா, கீழ்வீட்டு எர்சிலியா! தர்சீசியோ, நீயே வந்திருக்கியா? நல்லதாப் போச்சு. இவ மேல புகார் எழுதிக்கோ!

— என்ன புகார், அக்கா?

— என்ன புகாரா? மாதாவே! விடியறதுக்கு முன்ன நாற்காலியை இழுக்கறா. மத்தியானம் பாட்டு. சாயங்காலமானா என் தலைக்கு மேல டங்கு டங்குன்னு ஆட்டம்! விளக்குக்கூட ஆடுதுடா!

— தினமுமா?

— ஒரு நாள் விட்டாளான்னு கேளு! இவ வந்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை.

— இதைச் சாட்சியா எழுதிக்கலாமா?

— கொட்டை எழுத்துல எழுது. கையெழுத்தும் போடறேன்.

— அப்போ சரி. 'மனுதாரர் இங்கேயே தொடர்ந்து குடியிருக்கிறார். கீழ்வீட்டார் சாட்சி.' உங்க மனு இனிமே மேலே போகும், மிர்த்தா அம்மா. ஆனா ஆட்டத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க. வரேன்.

— போயிட்டார்... எர்சிலியா அம்மா, கோவிச்சுக்காதீங்க. நான் ஒரு நாளும் ஆடினதில்லையே. உங்களுக்குத் தொந்தரவா இருக்கக்கூடாதுன்னு வெறுங்காலோடதான் நடக்கறேன். கறி வாசனை வந்தா ஏதாவது சொல்லுவீங்களோன்னு அடுப்பே பத்தவைக்கறதில்லை.

— தெரியும்டி. ஒரு சத்தமும் வராததாலதான், மேல்வீடு காலியாக் கிடக்குன்னு சந்தையில வாயை விட்டுட்டேன். அது அவன் காது வரைக்கும் போகும்னு நான் கண்டேனா? முதல்ல செருப்பை மாட்டிக்கிட்டு நட!